நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி

பாலினா, மேயோ
14 ஜனவரி 1996

அன்புள்ள டெர்வ்லா,

இந்தக் கடிதம் என்னை விட்டுப் புறப்படும்போது நான் நலம். உன் கைக்கு வந்து சேரும்போது நீயும் கோல்மனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். மார்புச்சளி போய்விட்டது. போகவில்லை என்கிறார் டாக்டர். அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமல்லவா.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் ஓரத்தில் அவ்வளவு பெரிய செய்தியைப் பொடி எழுத்தில் எழுதுகிற ஆள் நீ ஒருத்திதான். ஆகஸ்டில் நால்வரும் பாரிஸுக்குப் பக்கத்திலிருக்கும் அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறீர்கள், அதற்கு நல்ல வழிகாட்டி நூலாக நான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். மகிழ்ச்சி. இது உங்கள் குடும்பத்தின் முதல் பயணம். அரைகுறையாக நடக்கக் கூடாது. உன் அப்பாவுக்குப் பிறகு நான் தனியாகப் புத்தகக் கடையை நடத்திய காலத்தில் ஒரு தவறான புத்தகத்தை யார் கையிலும் கொடுத்ததில்லை. கடையை வாங்கிய டோனல் இப்போது பாதி இடத்தில் மெழுகுவர்த்தியும் பொம்மையும் விற்கிறான் என்றாலும், நான் கேட்டால் டப்ளினிலிருந்து வரவழைப்பான். எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன்.

பிள்ளைகள் இருவரையும் காலணி இல்லாமல் நிற்க வைத்து உயரம் அளந்து அனுப்பு. அங்கே ஒவ்வொரு சவாரிக்கும் உயரக் கட்டுப்பாடு உண்டாம். இருக்கைகள் இரண்டிரண்டாக இருக்குமாம். இடா அப்பாவோடு, ஃபீலிம் உன்னோடு. நால்வர் என்பது நல்ல எண்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெர்ட்டி பாரட் என்னைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் கொலெட் மான்செஸ்டரிலிருந்து குழந்தையும் பெட்டியுமாக வந்து இறங்கியிருக்கிறாள். புருஷன் போய்விட்டானாம்.

"அவ மேல என்னங்க தப்பு? ஓடிப்போனது அவன்தானே," என்றாள் ஜெர்ட்டி.

"ஓடறதுக்குக் கதவத் தொறந்து விட்டது யாரு ஜெர்ட்டி?" என்று கேட்டேன்.

நவம்பரில் இந்த நாடு விவாகரத்தை அனுமதிக்க ஓட்டுப் போட்டதன் முதல் அறுவடை இது. கட்டியவனைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாத பெண் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது. ஜெர்ட்டியின் இடத்தில் நான் இருந்திருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

வழக்கம்போல, தொலைபேசியில் கூப்பிடாதே. அது சாவுச் செய்திக்கு உரியது. எழுது.

கடவுள் உங்கள் நால்வரையும் காக்கட்டும்.

உன் அம்மா

*

கவென்ட்ரி
28 ஜனவரி 1996

அன்புள்ள அத்தை,

உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் நலம். நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிடுகிறேன்.

கோல்மன் உங்களிடம் சொல்லிவிட்டதாக அவரே சொன்னார். உங்கள் மகனைப் பற்றி உங்களிடமே குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அவர் லூட்டனில் அந்தப் பெண்ணோடு இருக்கிறார், சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார், அவ்வளவுதான். ஜனவரி ஆறு, பெண்களின் கிறிஸ்துமஸ் அன்று, வீட்டு வேலையெல்லாம் ஆண்கள் செய்ய வேண்டிய நாளாயிற்றே, தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு, பிறகு போகிறேன் என்று சொன்னார். ஒரு தட்டையாவது உடைத்திருக்கலாம்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். கொலெட் பாரட்டைப் பற்றி அம்மா எழுதியிருப்பதைப் படித்தேன். படித்த பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இப்போது புருஷன் இல்லை அத்தை; அம்மாவும் இல்லாமல் போனால் தாங்க மாட்டேன். பிள்ளைகளுக்கு அப்பா வாக்குக் கொடுத்த பயணத்தை நானாவது நடத்திவிடுகிறேன். ஆகஸ்டில் போய் வந்த பிறகு, ஊருக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நானே சொல்கிறேன். அதுவரை உங்கள் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

என்றும் உங்கள் மருமகள்,
டெர்வ்லா

*

பாலினா
9 பிப்ரவரி

கண்ணு டெர்வ்லா,

எனக்கு உங்கம்மா மாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன், பொறுத்துக்கோ. இடுப்பு இருக்கு, நானும் இருக்கேன், ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டு.

நான் சொல்ல மாட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? பெத்தவ நானு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ, ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. இந்தப் பய அவன் சித்தப்பா மகன் கிட்ட சொல்லியிருக்கான், அவன் பொண்டாட்டி கசாப்புக் கடையில வேல பாக்கறா, முடிஞ்சுதா கத. உங்கம்மா கடைக்குள்ள நுழைஞ்சா எல்லாரும் மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சுடறோம். பயப்படாத, அந்தம்மா கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. "உங்க உள்பாவாடை தெரியுது"ன்னு சொல்லக்கூட இந்த ஊர்ல ஒருத்திக்கும் தைரியம் இல்ல.

சாப்பிடு. பிள்ளைங்களுக்கு மட்டும் போட்டுட்டு நீ சும்மா இருக்காத.

டெலியா ரூவான்

*

கவென்ட்ரி
20 பிப்ரவரி 1996

அன்புள்ள அம்மா,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே எல்லோரும் நலம். உங்கள் சளி பற்றி டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

உயரம் அளந்துவிட்டேன், கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு. பயண முகவர் கொடுத்த பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் இடா எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஃபீலிம் பெரிய சவாரிகளுக்கு ஒரு விரல் குறைவு. அன்றிலிருந்து தினமும் காலையில் கதவருகே நின்று, "இன்னிக்கு வளந்துட்டேனா?" என்று கேட்கிறான். முடியைச் சீவாமல் உயர்த்தி நிறுத்தப் பார்க்கிறான்.

கோல்மனுக்கு வேலை அதிகம். வீட்டில் அதிகம் இருப்பதில்லை.

புத்தகம் எளிமையாக இருந்தால் போதும் அம்மா. நான் பிரெஞ்சு பேசி எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

அன்புடன்,
டெர்வ்லா

*

பாலினா
3 மார்ச் 1996

அன்புள்ள டெர்வ்லா,

நான் நலம், தவக்காலம் என்பதால் தேநீரில் சர்க்கரை இல்லை, அதனால் கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறேன். அங்கே எல்லோரும் சுகம்தானே? கடிதம் மிகச் சுருக்கம். உன் பள்ளி ஆசிரியை சிஸ்டர் பெனிக்னா இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

டோனல் மூன்று வழிகாட்டிகளை வரவழைத்தான். மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். என் தீர்ப்பு இதோ.

முதலாவது ஓர் அமெரிக்கர் எழுதியது. படைத்தலைவன் போல எழுதுகிறார். வாசல் திறக்கும் முன் எங்கே நிற்பது, முதலில் எந்தப் பக்கம் ஓடுவது, மழை வந்தால் எது என்று எல்லாம் வகுத்து வைத்திருக்கிறார். பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பிரித்துக்கொள்வதுதான் அவர் திட்டத்தின் உயிர்: தந்தை வரிசையில் நிற்கும்போது தாய் சிறியவனைக் கழிவறைக்கு அழைத்துப் போவாள், ஒருவர் இறங்கியதும் அதே வாயிலில் மற்றவர் ஏறிக்கொள்ளலாம், மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். ஃபீலிம் குறையும் அந்த ஒரு விரலுக்கு இது மருந்து. எழுத்தில் நகைச்சுவை இல்லை. பாதகமில்லை.

இரண்டாவது, புதிதாக மணமான ஓர் ஆங்கிலேயத் தம்பதி எழுதியது. எங்கே எந்த ஒயின் நன்றாக இருக்கும் என்பதற்கு ஓர் அத்தியாயம், குழந்தைகளுக்கு அரைப் பக்கம். பிசுபிசுத்த ஒரு சின்னக் கையைக்கூட வாழ்நாளில் பிடித்திராதவர்கள். அச்சுப்பிழைகளை நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

மூன்றாவதைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிரிஸ்டலில் உள்ள ஒருத்தி பிள்ளைகளோடு தனியாகப் போய் வந்து எழுதியிருக்கிறாள். முன்னுரையிலேயே புருஷன் எப்படிப் போனான் என்று தொடங்கிவிடுகிறாள். நான் கேட்டது பூங்காவைப் பற்றி. தனியாகப் போகும் தாய், பெரிய பிள்ளை சவாரியில் இருக்கும்போது சின்னப் பிள்ளையோடு எங்கே காத்திருப்பது, ஒற்றைப்படை எண்ணிக்கையில் போனால் யாரைத் தனியாக உட்கார வைப்பது, இரவில் விடுதி அறையில் தனக்கு அழுகை வந்தால் என்ன செய்வது, இதற்கெல்லாம் பக்கம் பக்கமாக. நியாயத்துக்குச் சொல்கிறேன், கழிவறைகளைப் பற்றிச் சரியாக எழுதியது அவள் ஒருத்திதான். ஆனால் அந்தப் புத்தகம் நம் குடும்பத்துக்கு உரியதல்ல.

ஆகவே முதலாவது. கோல்மனையும் கேட்டு எழுது.

புனித பேட்ரிக் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா

*

கவென்ட்ரி
24 மார்ச் 1996

அன்புள்ள அம்மா,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். ஈஸ்டர் வந்தால் சர்க்கரையும் திரும்பிவிடும்.

மூன்று புத்தகங்களையும் படித்து இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தை இடாவுக்கு உரக்கப் படித்தேன். அந்தத் தம்பதியின் ஒயின் அத்தியாயத்துக்குச் சிரித்து உருண்டாள். "பாட்டி ரோலர் கோஸ்டர்ல ஏறினா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். "அது எங்கெங்க தப்பா வளையுதுன்னு இறங்கினதும் சொல்லுவாங்க" என்றேன்.

அம்மா, எனக்கு அந்த மூன்றாவது புத்தகம் வேண்டும். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அங்கே போகிறாள், அவள் தனியாள். அவளுக்குக் கொடுப்பேன். அதோடு, கோல்மன் வேறெங்காவது இருக்கும் நேரத்தில் எனக்கும் உதவும். எதைச் செய்தாலும் பகிர்ந்துகொள்ள எப்போதும் ஒருவர் கூடவே இருப்பார் என்று சொல்ல முடியாதல்லவா?

தயவுசெய்து அதை அனுப்புங்கள்.

அன்புடன்,
டெர்வ்லா

*

பாலினா
10 ஏப்ரல் 1996

அன்புள்ள டெர்வ்லா,

ஈஸ்டர் நல்லபடி கழிந்தது. என் உடல்நிலையில் குறையில்லை. உங்கள் நால்வரின் நலத்தையும் பூசையில் நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்கருடைய நூலைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளட்டையில் "கோல்மனுக்கும் டெர்வ்லாவுக்கும்" என்று மையால் எழுதியிருக்கிறேன், அதனால் மாற்றிக்கொள்ள முடியாது. மற்றதை டோனலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு என் அனுதாபம். அவளுக்கு வேண்டியதை அவள் தாய் தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும். என் மகளின் அலமாரியில் அப்படியொரு புத்தகம் நிற்பதை நான் விரும்பவில்லை.

விடுமுறையில் கோல்மன் ஏன் வேறெங்காவது இருக்க வேண்டும்? வேலையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

உங்கள் பயணத்துக்காக இங்கே நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். நடந்த பிறகு எழுதுகிறேன்.

உன் அம்மா

*

பாலினா
13 மே 1996

டெர்வ்லா,

நேற்று உங்கள் பயணத்துக்காகப் பூசை வைத்தேன். அதுதான் நான் சொன்ன ஏற்பாடு. பெயரைச் சொல்லி மன்றாட வேண்டும் என்பதற்காக நானே வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். பழைய ஃபாதர் மெக்கேலாக இருந்தால் அந்தத் தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, "ஒரு குடும்பத்தின் தனிக்கருத்துக்காக" என்று முடித்திருப்பார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன மாதம் வந்த இளம் குருவுக்குத் தெரியாது. நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல், கணீரென்று வாசித்தார்.

"அந்நிய மண்ணில் கிறிஸ்தவ இல்லறத்துக்கு எடுத்துக்காட்டாக வாழும் கோல்மன், டெர்வ்லா ரூவான் தம்பதியும் அவர்கள் பிள்ளைகளும் தங்கள் முதல் குடும்பப் பயணத்தை நலமே முடித்துத் திரும்ப, ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை சேர்ந்து சொல்ல வேண்டும். நான் சொன்னேன். கோயில் நிறைய ஆட்கள். என் குரல் மட்டும் கேட்டது.

பிறகு யாரோ இருமினார்கள். பக்கவாட்டு வரிசையிலிருந்து டெலியா ரூவான் எழுந்து, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, நொண்டி நொண்டி வெளியே போனாள்.

பூசை முடிந்து வந்தபோது எல்லோரும் வழிவிட்டார்கள், சவப்பெட்டிக்கு விடுவதுபோல. ஜெர்ட்டி பாரட் மட்டும் என் கையைப் பிடித்தாள்.

"அட்ராக்டா, உங்களுக்குத் தெரியாதா?"

"எது தெரியாதா?"

"ஐயோ... கோல்மன் லூட்டன்ல இருக்கான். ஜனவரியிலேர்ந்து. வாங்க, எங்க வீட்டுக்கு வாங்க, ஒரு டீ குடிங்க."

"எனக்கு வீடு இருக்கு ஜெர்ட்டி," என்று சொல்லிவிட்டு நடந்து வந்தேன்.

நான் கேட்பது ஒன்றே. கசாப்புக் கடைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. தபால்காரனுக்குத் தெரிந்திருந்தது. உன் தாய் எழுந்து நின்று உன் இல்லறத்துக்காக ஊரறிய மன்றாடினாள். அவளுக்கு ஏன் தெரியாது?

அட்ராக்டா கீலி

*

கவென்ட்ரி
21 மே 1996

அன்புள்ள அம்மா,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் அம்மா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். ஜனவரி பதினான்காம் தேதி நீங்கள் எழுதியதைத் திரும்ப எழுதுகிறேன். "கட்டியவனைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாத பெண் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது. ஜெர்ட்டியின் இடத்தில் நான் இருந்திருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன்." அந்தக் கடிதம் வந்தபோது அவர் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. வாசலில் வந்து நிற்கத்தான் நான் பெட்டியை எடுத்து வைத்திருந்தேன். பிறகு அதை மறுபடி மேலே போட்டுவிட்டேன்.

கோயிலில் நடந்ததைப் படித்து, உங்களுக்காக அழுதேன். எனக்காக இல்லை. உங்கள் குரல் மட்டும் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அது என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த வலியை உங்களுக்குக் கொடுத்தது நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பயந்ததற்குக் கேட்க மாட்டேன்.

இப்போது வேறொன்று கேட்கிறேன். நான்கு பேருக்குப் பதிவு செய்தது அப்படியே இருக்கிறது. அறை, ரயில், பூங்கா எல்லாம் நால்வருக்கு. கோல்மன் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போடலாம், ஜூன் முப்பது வரை. அதற்குப் பிறகு முடியாது.

நீங்கள் வாருங்கள் அம்மா. இடா ஏறும்போது ஃபீலிமின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அதற்காக மட்டும் கூப்பிடவில்லை. நீங்கள் வேண்டும். ஒரு வரி எழுதினால் போதும். 'சரி' என்று ஒரு வார்த்தை போதும்.

உங்கள் மகள்,
டெர்வ்லா

*

பாலினா
5 ஜூலை 1996

அன்புள்ள டெர்வ்லா,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமென நம்புகிறேன். இங்கே ஜூன் முழுக்க மழை.

பதிலுக்கு நீ காத்திருந்திருப்பாய். முப்பதாம் தேதி தாண்டிவிட்டதென்று தெரியும், எனக்கான இடத்தை நீ வைத்திருப்பாய். உன் கடிதம் வந்த மறுநாளே நான் பாஸ்போர்ட்டுக்கு அலையத் தொடங்கிவிட்டேன். இங்கிலாந்துக்கு வர எனக்கு அது தேவைப்பட்டதில்லை, பிரான்ஸுக்கு வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வரவே மூன்று வாரம் ஆகிவிட்டது. படத்தின் பின்னால் போலீஸ் சார்ஜென்ட் கையெழுத்துப் போட வேண்டும். அவர் விடுமுறையில் மீன் பிடிக்கப் போயிருந்தார். கையில் வந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வர முடியாமல் போனால் பிள்ளைகள் இரண்டாவது முறையாக ஏமாறுவார்கள். வெறும் வாக்கை அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. இன்று காலை தபாலில் வந்துவிட்டது.

படம் எடுத்தது மருந்துக்கடையில். அங்கே இப்போது வேலை பார்ப்பது கொலெட் பாரட். அவளைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"மூஞ்சியக் கொஞ்சம் தளர விடுங்க மிசஸ் கீலி. சாவுக்குப் போற மாதிரி இருக்கு."

"நான் பாரிஸுக்குப் போறேன்."

"அட! யார் கூட?"

"என் மக கூட. அவ, பிள்ளைங்க ரெண்டு பேர், நான்."

கொலெட் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் காலரைச் சரிசெய்துவிட்டு இன்னொரு படம் எடுத்தாள். அதில் நான் ஓரளவு மனுஷி மாதிரி இருக்கிறேன்.

தாழ்ந்த குதிகால் வைத்த செருப்பு வாங்கியிருக்கிறேன். தினமும் பாலம் வரை நடந்து பழகுகிறேன். இடாவோடு எதில் வேண்டுமானாலும் ஏறுவேன் என்று சொல். அவள் ஏறாவிட்டாலும் நான் ஏறுவேன். டோனலிடம் அந்த மூன்றாவது புத்தகத்தை மறுபடி கேட்டு வாங்கினேன். கழிவறை அத்தியாயத்தைத் தாண்டியும் அவள் நன்றாகவே எழுதுகிறாள்.

எந்தத் தேதி எந்தப் படகு என்று எழுது.

உன் அம்மா

*

கவென்ட்ரி
11 ஜூலை 1996

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு வேறெதுவும் எழுத வரவில்லை.

ஜூன் முழுவதும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளிடம், "பாட்டி யோசிக்கறாங்க" என்றேன். கடைசி வாரத்தில் ஃபீலிம் கேட்டான், "பாட்டிக்கு நம்ம மேல இன்னும் கோபமா?" கடைசி நாள் மாலை கோல்மனின் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். லூர்து மாதாவுக்குத் திருயாத்திரை போனபோது எடுத்த பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. கேட்டு முடிப்பதற்குள், "வரேன் கண்ணு, வரேன்" என்று சொல்லி அழுதுகொண்டே சிரித்தார்கள். அன்றே பெயரை மாற்றிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் பயண முகவரிடம் போனேன். ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. அறை நால்வருக்கு மட்டும்தான். ஆகஸ்டில் வேறு அறையும் இல்லை. கெஞ்சிப் பார்த்தேன் அம்மா. அத்தையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் செய்த காரியத்துக்குப் பிறகு அவர்கள் முதன்முறையாகச் சிரித்த குரலைக் கேட்டேன்.

நீங்கள் அலைந்துகொண்டிருந்தீர்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை மட்டும் வந்திருந்தால்...

செப்டம்பரில் இங்கே வாருங்கள். உங்களுக்கென்று வாருங்கள்.

டெர்வ்லா

*

பாலினா
4 ஆகஸ்ட் 1996

அன்புள்ள டெர்வ்லா,

நான் நலம். டெலியா இந்நேரம் அங்கே வந்திருப்பாள்; நீங்கள் கிளம்பும் முன் இந்தக் கடிதம் வந்து சேருமா என்று தெரியவில்லை.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். எல்லாமே முறையீடாக இருந்தன; அடுப்பில் போட்டுவிட்டேன்.

போன வாரம் டெலியா வீட்டுக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் என் கூடத்தில் உட்கார்ந்ததில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போங்க அட்ராக்டா. அது உங்க எடம். எனக்கு வயிறு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"பேர் மாத்தறதுக்கு நாள் முடிஞ்சு போச்சு டெலியா."

"பிள்ளைங்க உங்களத்தான் கேட்டுச்சுங்க."

"கேட்டப்ப யாரு சரின்னு சொன்னது?"

அவள் தலைகுனிந்தாள். அவள் எதற்குத் தலைகுனிய வேண்டும்? டீ போட்டுக் கொடுத்தேன். நல்ல கோப்பைகளை எடுத்தேன். அச்சின் பொடி எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாததால், தனியாகப் போகும் பெண்களுக்கான அந்தப் புத்தகத்தை அடுத்தடுத்து வந்த மாலைகளில் உரக்கப் படித்துக் காட்டினேன். இடுப்பு வலி உள்ளவர்கள் எந்தச் சவாரியில் ஏறக் கூடாது, எங்கே நிழலில் பெஞ்சு இருக்கிறது, சின்னவனோடு எந்த வாயிலில் நின்றால் பெரியவள் இறங்கி வருவது தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு இப்போது மனப்பாடம். ஃபீலிமுக்கு வாத்துகளைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அவளோடு இருக்கும்போது சவாரியில் ஏற முடியவில்லையே என்று அவன் அழ மாட்டான். அவளுக்கு எப்போதும் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தெரியும். எனக்கு வராது.

நேற்றுக் காலை அவள் பெட்டியை நான்தான் பேருந்து வரை தூக்கிக்கொண்டு போனேன். ஊர் பார்த்தது. பார்க்கட்டும். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலைத் தட்டி, "பிள்ளைங்க கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் ஏதோ சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது.

செப்டம்பரில் வருகிறேன். படகுச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு முன்பே எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் வந்த விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாதே. நான் ஏன் வரவில்லை என்று இடா விடாமல் கேட்பாள். உயரம் என்றால் பாட்டிக்குப் பயம் என்று சொல்லிவிடு. நம்புவாள்.

உன் அம்மா